இரண்டாம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும்

1

இந்த வருடமும் வெயில் ஏறுமுன் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்தோம். நான், இவர், மகள் வாணி. சென்னைக்கு வந்து பத்து வருடம் ஆகிறது.

யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று விளங்காது. அங்கே இருக்கும்போது மதராஸ் நமக்குப் பக்கத்து வீடு. அவர்களுடைய சினிமாவைப் பார்க்கிறோம், அவர்களுடைய வாரப் பத்திரிகைக்குச் சண்டை பிடிக்கிறோம். இங்கே வந்து இறங்கிய பிறகுதான் இது வெளிநாடு என்று தெரிகிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் ஒரு வருடம் இருக்கலாமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பது தமிழில், பதில் வருவதும் தமிழில். இருந்தாலும் வெளிநாடு.

இந்த முறை அதிகாரி புதியவர். வாணியைப் பார்த்துச் சிரித்து, "உனக்கு எந்த ஊரும்மா?" என்றார்.

"மந்தவெளி சார்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் மந்தவெளிதான் சார்."

கைக்குழந்தையாக வந்தவள். அவளுக்கு வேறு எதுவும் நினைவில்லை. அதிகாரி எங்கள் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது. "எல்லா வருஷமும் ஒரு மாசம் முன்னாடியே வர்றீங்க. இந்த ஒரு வருஷம் மட்டும் கடைசி நாள்ல வந்திருக்கீங்களே, என்னாச்சு?"

இவர் என்னைப் பார்த்தார். உடைந்த பானை ஒன்று ஒட்டிக்கொண்டது, அதனால்தான் என்று ஓர் அரசாங்க அதிகாரியிடம் சொல்ல முடியுமா? "கடிதம் வரப் பிந்திவிட்டது" என்று மட்டும் சொன்னேன். அவர் முத்திரையைக் குத்திவிட்டார். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2

நான் தொல்லியல் படிக்க வந்தவள். இவர் ஊரில் கணித ஆசிரியர். எனக்குத் துணையாக இரண்டு வருட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். படிப்பு முடிந்தபோது அடையாறில் ஓர் ஆய்வு நிலையத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. விடுப்பு முடிந்தும் அவர் திரும்பவில்லை. அவருடைய பள்ளிக்கூடம் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டது. அதன் பிறகு தி. நகரில் ஜவுளிக்கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறார். நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டில் இருப்பது என் வேலையைக் கொண்டுதான். ஒவ்வொரு வருடமும், 'இவருடைய பணி எங்களுக்குத் தேவை' என்று நிலையத்தின் இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைப் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

இயக்குநர் சேஷாத்ரி சார். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர், மெலிந்த மனிதர். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு மேட்டில் அவர் தலைமையில் இரண்டு பருவம் தோண்டினோம். தோண்டுவது சந்தோஷமான வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் வேலை. நூற்றுக்கணக்கான சாக்குப் பைகளில் பானை ஓடுகள் அடையாறுக்கு வந்து சேர்ந்தன. கழுவி, காயவைத்து, ஒவ்வொரு ஓட்டின் உட்புறத்திலும் இந்திய மையால் எந்தக் குழி, மேலிருந்து எத்தனையாவது மண்ணடுக்கு என்று பொடி எழுத்தில் எழுதினேன். பிறகு எண்ணுவது, வரைவது, அட்டவணை போடுவது. இதையெல்லாம் ஓர் அறிக்கையாக்கி, பணம் கொடுத்த டெல்லிக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் தோண்டியதும் தோண்டாததும் ஒன்றுதான். தோண்டிய இடம் போனது போனதுதான், இன்னொரு தரம் தோண்டிப் பார்க்க முடியாது.

மொழி என்னை நன்றாகப் படுத்தியது. நாம் 'கதைக்கிறது' என்பது இங்கே பொய் சொல்வது போலக் கேட்கிறது. முதல் மாதம் நான் எதற்கெடுத்தாலும் 'ஓம்' 'ஓம்' என்று சொல்ல, மாடியில் குடியிருந்த மாமி, "இந்தப் பொண்ணு எப்பவும் ஜபம் பண்ணிண்டே இருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வெளியே பேசும்போது வாயைக் கட்டிப் பேசப் பழகினேன். வாணிக்கு அந்தக் கஷ்டமே இல்லை. தெருப் பிள்ளைகளோடு 'இன்னாடி' என்கிறாள். வீட்டுக்குள் வந்து, "அம்மா, கெதியான்னா என்னம்மா? சீக்கிரம்னு சொல்லேன்" என்று என்னைத் திருத்துகிறாள். ஒருநாள் ஊரிலிருந்து வந்த என் தம்பியின் பேச்சு அவளுக்குப் பாதி விளங்கவில்லை. நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். 

3

அந்த வருடம் மாசி மாதம். அறிக்கையின் மூன்றாம் அத்தியாயம் முடிந்து டைப்பிஸ்ட் லோகநாதனிடம் போயிருந்தது. அதுதான் அறிக்கைக்கு உயிர். எங்கள் மேட்டில் மூன்று வெவ்வேறு காலத்து மக்கள், ஒருவர் போன பிறகு ஒருவராக வாழ்ந்தார்கள் என்று சார் அதில் நிறுவியிருந்தார். அடி மண்ணில் முந்தியவர்கள், மேல் மண்ணில் பிந்தியவர்கள். இது முழுக்க ஒரே ஒரு குழியை நம்பி நின்றது. மற்றக் குழிகளில் அடுக்குகள் அவ்வளவு தெளிவாக இல்லை. அறிக்கை வருமுன்பே சார் இதை மயிலாப்பூரில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். பத்திரிகைகளும் எழுதிவிட்டன.

நிலையத்துத் தோட்டத்தின் பின்னால், தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஓடுகளை வைத்திருந்தோம். கறையான் வந்துவிட்டது. மருந்து அடிப்பதற்காகத் தட்டுகளையெல்லாம் வராந்தாவில் எடுத்து வைத்தார்கள். எடுத்து வைத்தவர்களுக்கு அடுக்கு வரிசையெல்லாம் தெரியாது, கைக்கு வந்தபடி வைத்தார்கள். அந்த ஒரே குழியின் இரண்டாம் அடுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் அதன் ஐந்தாம் அடுக்குத் தட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

நான் வரைவதற்காக ஒரு விளிம்புத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தேன். கறுப்பும் சிவப்புமான பானை, கழுத்தில் இரண்டு கோடு. பக்கத்துத் தட்டில் அதே இரண்டு கோட்டோடு இன்னொரு துண்டு கிடந்தது. விளையாட்டாகத்தான் சேர்த்துப் பார்த்தேன். 'டக்' என்று உட்கார்ந்தது. கோடு கோட்டோடு சேர்ந்தது. நகத்தால் தடவினால் வெடிப்பு தட்டவில்லை.

இரண்டையும் திருப்பி, உட்புறத்து மை எழுத்தை மறுபடி படித்தேன்.

ஒரே பானையின் ஒரு துண்டு மேல் மண்ணிலும் இன்னொரு துண்டு அடி மண்ணிலும் இருக்கிறது என்றால், பிற்காலத்தில் யாரோ அந்த இடத்தைக் கிண்டியிருக்கிறார்கள். மேலது கீழே போயிருக்கிறது, கீழது மேலே வந்திருக்கிறது. அந்தக் குழி பழைய பள்ளம் ஒன்றின் மேல் விழுந்திருக்கிறது. தோண்டும்போது எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியானால் மூன்று காலம் என்று சொல்ல அந்தக் குழியில் ஆதாரம் இல்லை. மூன்றாம் அத்தியாயம் நிற்காது.

தற்செயலாக இருக்கும் என்று இன்னும் தேடினேன். மாலைக்குள் இன்னொரு சோடி பொருந்தியது. அதற்கு மேல் தேடத் தைரியம் வரவில்லை.

4

இவரிடம் சொன்னேன். தி. நகரிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "கடிதத்தில கையெழுத்து வாங்கிட்டீரா?" என்றார்.

"இல்லை. லோகநாதன் அடிச்சு வைச்சிருக்கிறார். சாரின்ர மேசையிலதான் கிடக்கு."

"அப்ப முதல்ல கையெழுத்தை வாங்கும். பதிவு முடியட்டும். பேந்து ஆறுதலாச் சொல்லும்."

"அத்தியாயம் இந்தக் கிழமைக்குள்ள டெல்லிக்குப் போகுதப்பா. போனால் அவர் பேரிலதானே அந்தப் பிழை நிக்கும்?"

"நான் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பிந்திச் சொல்லும் எண்டுதான் சொல்லுறன். அவருக்குக் கோவம் வந்து கையெழுத்துப் போடாட்டி நாங்கள் எங்க போறது? எனக்கு அங்க பள்ளிக்கூடம் இல்லை. உமக்கு அங்க இந்த வேலை இல்லை. பிள்ளை படிப்பை நடுவில விட வேணும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. வாணி சுவரோடு சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் இப்படிக் கதைக்கும்போது அவளுக்கு விளங்குகிறதா இல்லையா என்று எனக்குத் தெரிவதில்லை. தலையைத் தூக்காமலே, "நாம ஊருக்குப் போறோமாம்மா?" என்றாள். 'போறோமா' என்றுதான் கேட்டாள். 'திரும்பிப் போறோமா' என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் இவர் சொன்னபடி செய்யத்தான் போனேன். சார் அறையில் மூன்றாம் அத்தியாயத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பசை டப்பா திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது.

"சார், உங்களோடு ஒரு விஷயம் கதைக்க வேணும்."

"கதையா? சொல்லுங்கோ, கேக்கறேன்" என்றார் சிரித்துக்கொண்டு.

கைக்குட்டையை அவிழ்த்து இரண்டு ஓடுகளையும் அவர் முன்னால் வைத்தேன். மை எழுத்தை லென்ஸால் படித்தார். சேர்த்தார். பிரித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் இன்னொரு தரம் சேர்த்தார்.

"நம்பரை யாராவது மாத்தி எழுதியிருப்பா."

"எழுதினது நான்தான் சார். பையிலிருந்த சீட்டையும் பார்த்துவிட்டேன். இன்னொரு சோடியும் பொருந்துது."

அவர் உறையிலிருந்த அத்தியாயத்தை வெளியே எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "ரெண்டும் இங்கேயே இருக்கட்டும். நீங்க போகலாம்" என்றார். கடிதத்தைப் பற்றி அந்த நேரத்தில் நான் எப்படிக் கேட்பேன்?

5

மறுநாள் சார் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை, அப்படியே வாரங்கள் போயின. உடம்பு சரியில்லை என்று தொலைபேசியில் சொன்னாராம். என் கடிதம் அவர் மேசையில் மற்றக் காகிதங்களோடு கிடந்தது. நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அறைக்குள் போவேன், கையெழுத்து விழவேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு வருவேன். வரைபடத்துக்கு உட்கார்ந்து, ஒரே பானையை மூன்று தரம் பிழையாக வரைந்தேன்.

லோகநாதன் சைதாப்பேட்டைக்காரர். நிலையத்தில் என்னோடு சும்மா பேசுகிற ஒரே ஆள். "இன்னா மேடம், மூஞ்சே சரியில்ல? வூட்ல எதுனா தகராறா?" என்றார். பானை விஷயத்தைச் சொல்லவில்லை. பதிவுக்கு நாள் நெருங்குகிறது, கடிதம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். "அட, அதுக்கா இவ்ளோ? சாருக்கு ஒடம்பு சரியாவட்டும், வாங்கிக்கலாம்" என்றார். அவருக்கு நாள் கணக்குத் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

வீட்டில் இவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில், "சாரின்ர வீட்டுக்குப் போய்க் கேளுமன். மனிசர்தானே" என்றார்.

பஸ் பிடித்து காந்தி நகரில் சார் வீட்டுக்குப் போனேன். மத்தியான நேரம். கேட்டின் கொண்டியில் கை வைத்தேன். முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. சார் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். குழியின் புகைப்படங்கள் மேசை முழுவதும் பரவிக் கிடந்தன. அந்த இரண்டு ஓடுகளும் ஒரு தட்டில் இருந்தன. நோயாளி மாதிரி இல்லை.

கொண்டியில் வைத்த கையை எடுக்க முடியவில்லை, கேட்டைத் திறக்கவும் முடியவில்லை. இந்த நேரத்தில் உள்ளே போய்க் கடிதத்தைக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்பது போலாகும். அப்படி அவர் நினைப்பதை என்னால் தாங்க முடியாது. கேட்காமல் போனால் பிள்ளையோடு கப்பல் ஏற வேண்டியதுதான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இவரிடம், சார் வீட்டில் இல்லை என்றேன்.

கடைசி நாளுக்கு முந்தின சாயந்தரம் லோகநாதன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இந்தாங்க மேடம்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். கையெழுத்து இருந்தது. "சம்பள பில்லெல்லாம் எடுத்துக்கினு சார் வூட்டுக்குப் போனேன். உங்க லெட்டரையும் நடுவுல வச்சிட்டேன். வரிசையா போட்டுக்கினே போனாரு."

"படிச்சுப் பார்த்தாரா?"

"எங்க படிச்சாரு? அவரு ஞாபகம் வேற எங்கியோ கீது."

எனக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகு வேறு பயம் பிடித்தது. தெரியாமல் போட்ட கையெழுத்து இது. தெரிந்திருந்தால் போட்டிருப்பாரா? மறுநாள் பதிவு அலுவலகத்தில் முத்திரை விழும்வரை, யாரோ பின்னாலிருந்து கூப்பிடப் போகிறார்கள் என்றே உட்கார்ந்திருந்தேன்.

6

அடுத்த திங்கட்கிழமை சார் நிலையத்துக்கு வந்தார். நேரே கொட்டகைக்கு வந்து, என் முன்னால் ஒரு புகைப்படத்தை வைத்தார். குழியின் பக்கச் சுவர். மங்கலாக ஒரு கோடு மேலிருந்து சரிந்து அடிவரை போயிற்று. "பள்ளம் இருக்கு. மண் காஞ்சு வெளுத்திருந்த நேரத்துல பார்த்திருக்கோம், அதான் தெரியலை. நீங்க சொன்னதுதான் சரி" என்றார். டெல்லிக்கு அவகாசம் கேட்டு எழுதிவிட்டதாகவும் சொன்னார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்து மறுபடி எழுதினோம். அது ஒரு வருட வேலையாயிற்று. அந்தக் குழியைத் தனியே ஒதுக்கிவிட்டு, மற்றக் குழிகளில் இருப்பதை மட்டும் வைத்து என்ன சொல்லலாம் என்று பார்த்தோம். சொல்ல முடிந்தது கொஞ்சம். 'ஐயமின்றி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த இடங்களையெல்லாம் அவரே பென்சிலால் அடித்தார். சில நாள் ஒரு வாக்கியத்துக்காகக் காலையிலிருந்து வாதாடுவோம். அறிக்கை பாதியாக மெலிந்தது. டெல்லியிலிருந்து கண்டித்து ஒரு கடிதம் வந்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அச்சாகி வந்ததைச் சின்னதென்று சொன்னவர்கள் உண்டு, பிழையென்று சொன்னவர்கள் இல்லை.

அச்சுக்குப் போகுமுன், முன்பு பேசிய அதே மயிலாப்பூர் ஹாலில் சார் இன்னொரு கூட்டம் வைத்தார். என்னையும் வரச் சொன்னார். முதல் கூட்டத்தில் இடமில்லாமல் நின்று கேட்டார்களாம். இந்தத் தரம் இரண்டு வரிசைதான் நிரம்பியிருந்தது. சார் சுற்றி வளைக்கவில்லை. "போன தடவை இதே இடத்துல மூணு காலம்னு சொன்னேன். அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்" என்று தொடங்கினார். பாதியில் என்னை மேடைக்கு அழைத்து, ஓடுகள் எப்படிச் சேர்ந்தன என்று விளக்கச் சொன்னார்.

நான் சபையில் பேசியவள் இல்லை. பதற்றத்தில் கட்டி வைத்த வாய் அவிழ்ந்துவிட்டது. நம்முடைய தமிழிலேயே முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "சிலோன்காரா போலிருக்கு" என்றார். "ஆனா புரிஞ்சுது" என்றார் பக்கத்திலிருந்தவர்.

கூட்டம் முடிந்து லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றோம். சார் அடையாறுக்குப் போக வேண்டும், நான் வழியில் மந்தவெளியில் இறங்க வேண்டும். அவர் உற்சாகமாக இருந்தார். "மிச்ச ஓடெல்லாம் அப்படியே கிடக்கு. அடுத்த வருஷம் அதையும் பார்த்து ஒரு சின்னப் புஸ்தகமாப் போட்டுடலாம்" என்றார்.

"அடுத்த வருடம் நான் இங்கே இருப்பேனோ தெரியாது சார். கடிதத்தைப் பொறுத்தது."

"எந்த லெட்டர்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. "நீங்கள் வருசா வருசம் கையெழுத்துப் போடுற கடிதம் சார். அதைக் காட்டித்தான் நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டில் இருக்கிறது."

"அதுவா? லோகநாதன் ஏதோ ஒண்ணு நீட்டுவான், போடுவேன். ஆபீஸ் வழக்கம்னு நினைச்சிண்டிருந்தேன்." கையிலிருந்த பையை மற்றக் கைக்கு மாற்றினார். "நான் போடலைன்னா?"

"ஊருக்குப் போக வேண்டி வரும்."

ஒரு பஸ் வந்து போயிற்று. அது எங்களுடையதல்ல. அவர் ஏதோ கணக்குப் போடுவது போல நின்றார். "அந்த ஓடு ரெண்டும் சேர்ந்ததே, அப்போ..."

"ஓம் சார். அந்த நேரந்தான் எனக்குக் கடிதமும் வேண்டியிருந்தது."

"நான் வேணும்னே போடாம இருக்கேன்னு நினைச்சேளா?"

பொய் சொல்ல வரவில்லை. "அப்படித்தான் நினைச்சேன் சார். சரியாப் பயந்துபோனேன். உங்கட வீடுவரைக்கும் வந்தேன்."

"தெரியும். ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"கேட்டண்டை நின்னுண்டிருந்தேள்" என்றார் அவர், தெருவைப் பார்த்துக்கொண்டு. "நீங்களே டெல்லிக்கு எழுதிடப் போறேள்னு சொல்ல வந்திருக்கேள்னு நினைச்சேன். நாப்பது வருஷ பேரு ஒரு நாள்ல போயிடும்னு பயம். அதான் கூப்பிடலை. நீங்க திரும்பிப் போனதும் அப்பாடான்னு இருந்தது."

அடையாறு பஸ் வந்தது. நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகள் இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். என் டிக்கெட்டையும் அவரே எடுத்தார். மந்தவெளியில் இறங்குவதற்காக நான் எழுந்தபோது வழிவிட்டு ஒதுங்கினார்.

"அந்த லெட்டரோட காப்பி உங்ககிட்ட இருந்தா நாளைக்கு எடுத்துண்டு வாங்கோ. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்க்கறேன்" என்றார்.